பாலைவனத்தில் விற்கப்பட்ட கடற்கரை: சால்ட்டன் கடல், டொலரெஸ் ஏரி, அங்கே எஞ்சியிருப்பவை

பாலைப்பயணி எழுதியது:

தென்கலிபோர்னியாவின் பாலைவனங்களில் கைவிடப்பட்டுக் கிடக்கும் ஏரிக்கரைக் குடியிருப்புகளையும் கேளிக்கைப் பூங்காக்களையும் பற்றிப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன். இவற்றின் படங்களுக்கு இணையத்தில் பஞ்சமில்லை. உப்பில் பாதி புதைந்த டிரெய்லர் வீடு, கண்ணாடி உடைந்த மோட்டல், தலை கருகிய பனை என்று அவை ஒன்றையே திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. "ஏரி செத்தது, ஊரும் செத்தது" என்ற ஒற்றை வரிக் கதையையும் உடன் சொல்லிவிடுகின்றன. அங்கே எஞ்சியிருப்பவற்றுள் முதன்மையானது கட்டடம் அன்று, வீடு வராமலே போன தெருக்கள்தான் என்பது என் கருத்து.

1958-இல் எம். பென் பிலிப்ஸ் என்ற மனை வணிகர், சால்ட்டன் கடல் எனப்படும் உப்பு ஏரியின் மேற்குக் கரையில் சால்ட்டன் சிட்டிக்கு அளவுக்கல் நட்டார். "சால்ட்டன் ரிவியெரா" என்பது விளம்பரப் பெயர். தார்ச்சாலை போடப்பட்டது, குடிநீர்க் குழாய் புதைக்கப்பட்டது, மின்கம்பங்களும் பனைகளும் வரிசையாக நின்றன, வாங்க வந்தவர்களை விமானத்தில் ஏற்றி மேலிருந்து ஏரியைக் காட்டினார்கள். மனைகள் நன்றாகவே விற்றன. ஆனால் வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் வீடு கட்டவில்லை. விலை ஏறட்டும் என்று பத்திரத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுத் தத்தம் ஊரிலேயே இருந்துகொண்டார்கள். பிலிப்ஸ் 1960-லேயே தம் பங்கை விற்றுவிட்டு விலகினார். அப்போது ஏரிக்கு ஒரு குறையும் இல்லை. வெள்ளமும் மீன்களின் சாவும் அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வந்தவை. ஏரி கெட்டதால் ஊர் நின்றுபோனது என்று சொல்வது, நடந்த வரிசையையே மாற்றிச் சொல்வதாகும்.

நேரில் போகிறவர்கள் கரையோர இடிபாடுகளைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல், உள்தெரு ஒன்றில் காரை நிறுத்தி இறங்கிப் பாருங்கள். தெருப்பெயர்ப் பலகை நேராக நிற்கும். அதைச் சுற்றி நாலா பக்கமும் மண்தான் இருக்கும். தாரில் விழுந்த வெடிப்புகளில் புதர் முளைத்து, சாலையின் நடுவே வரிசை பிடித்து நிற்கும். ஒரு தெருவின் கோடியில் தனியாக ஒரு வீடு, அதற்கு ஒரு தபால் பெட்டி, அடுத்த வீடு கண்ணுக்கெட்டும் தூரத்தில் இல்லை.

தெருவிளக்கு எழுதியது:

ஐயா, நல்ல தொடக்கம். ஆனால் ரிவியெரா என்பது பிரான்சின் மத்தியதரைக்கடற்கரை அல்லவா? பாலைவன ஏரிகளைப் பசிபிக் பெருங்கடலின் பாலினீசியத் தீவு போல அலங்கரித்து விற்றார்கள் என்று ஓரிடத்தில் படித்தேன். அந்த மரச்சிலைகளும் மூங்கில் மதுக்கூடங்களும் இந்தக் கதைக்குள் எங்கே வருகின்றன? அவற்றில் ஏதாவது இன்னும் நிற்கிறதா?

மெய்யம்மை எழுதியது:

தம்பி தெருவிளக்கு கேட்டதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் "டிக்கி" என்று அழைக்கப்படும் அந்த அலங்காரம் கலிபோர்னியாவிலேயே செய்யப்பட்ட சரக்கு. 1933-இல் மதுவிலக்கு நீங்கிய கையோடு, பின்னாளில் டான் பீச் என்று அறியப்பட்டவர் ஹாலிவுட்டில் மூங்கிலும் கயிறும் தொங்கவிட்ட ஒரு மதுக்கூடத்தைத் திறந்தார். ஓக்லாந்தில் விக்டர் பெர்ஜெரான் அதே வழியில் போய் 'டிரேடர் விக்' ஆனார். அங்கே பரிமாறப்பட்டது பெரும்பாலும் கரீபியன் ரம். சுவரில் இருந்தது மட்டும் பசிபிக். போர் முடிந்து பசிபிக் தீவுகளிலிருந்து திரும்பிய படைவீரர்களின் நினைவுகள் இதற்கு உரம் போட்டன. 1959-இல் ஹவாய் மாநிலமானதும், மோட்டல், பந்துருட்டுக் கூடம், அடுக்ககம் என எல்லாவற்றுக்கும் கூர்ங்கூரை வைத்து வாசலில் தீப்பந்தம் நட்டார்கள்.

சால்ட்டன் கடலின் வடகரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் பாம் ஸ்பிரிங்ஸில் இந்த அலங்காரத்தை இன்றும் பார்க்கலாம். டொனால்ட் வெக்ஸ்லர், ரிச்சர்ட் ஹாரிசன் இருவரும் 1960-களின் தொடக்கத்தில் வடிவமைத்த ராயல் ஹவாயன் எஸ்டேட்ஸ் என்ற குடியிருப்பில், ஹவாய்ப் படகின் பக்கமிதவையை நினைவூட்டும் சாய்தூண்கள் கூரைவிளிம்பிலிருந்து இறங்குகின்றன. அது கைவிடப்படவில்லை, மக்கள் குடியிருக்கிறார்கள், நகராட்சியின் பாதுகாப்பும் அதற்கு உண்டு. சால்ட்டன் வடகரையிலோ ஆல்பர்ட் ஃப்ரே, அதாவது பாரிஸில் லெ கார்புசியேயிடம் பணியாற்றிவிட்டு வந்தவர், 1959-ஐ ஒட்டி வட்டச் சன்னல்களும் கொடிமரமும் வைத்து ஒரு கப்பலையே கரையில் நிறுத்தியது போல யாட் கிளப் கட்டினார். ஒரே வட்டாரத்தில், ஏறக்குறைய ஒரே ஆண்டுகளில், ஓரிடத்தில் ஹவாய், ஓரிடத்தில் ரிவியெரா, ஓரிடத்தில் கப்பல். விற்றவர்களுக்கு எந்தக் கடல் என்பது பொருட்டாக இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். 1944, 1945-இல் அணுகுண்டுத் திட்டத்துக்காக வெடிபொருள் இல்லாத மாதிரிக் குண்டுகளைப் போட்டுப் பார்த்த இடங்களில் இந்த ஏரியும் ஒன்று. அடுத்த ஆண்டே மைக்ரோனீசியாவின் பிக்கினித் தீவிலிருந்து 167 பேரை அப்புறப்படுத்திவிட்டு அமெரிக்கா அங்கே அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. பாலினீசியாவுக்குள் இருக்கும் மொருரோவாவில் பிரான்ஸ் 1966-இல் அதே சோதனையைத் தொடங்கியது. தீவுக்காரர்களின் தெய்வச் சிலைகளை மதுக்கோப்பையாக வார்த்து விற்ற அதே ஆண்டுகள் இவை. அந்த அலங்காரத்தை அழகு என்று மட்டும் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. உள்ளூர்க் கணக்கும் ஒன்று இருக்கிறது: இந்த ஏரி எழுந்தபோது டோரெஸ் மார்ட்டினெஸ் கவியா பழங்குடியினரின் ஒதுக்கு நிலத்தில் ஏறக்குறைய பாதி நீருக்கடியில் போனது. அதற்கான இழப்பீட்டுச் சட்டம் 2000-இல்தான் நிறைவேறியது.

நீர்க்கணக்கன் எழுதியது:

நான் நீர்வளப் பொறியியல் படித்தவன் என்பதால், திரு. பாலைப்பயணி எழுதியதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. மனைக்காரர்கள் பொய்யை மட்டுமே விற்றார்கள் என்ற தொனி அதில் இருக்கிறது. அவர்கள் விற்ற நீர் உண்மையாகவே அங்கே இருந்தது. அது நிலைக்கும் என்று அரசும் நம்பியது. 1955-இல் மாநிலப் பொழுதுபோக்குப் பூங்கா அங்கே திறக்கப்பட்டது. கலிபோர்னியா வளைகுடாவிலிருந்து கோர்வினா முதலிய மீன்களைக் கொண்டுவந்து விட்டதும் அரசின் மீன்வளத் துறையே.

அந்த நீர் எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொண்டால்தான் இன்றைய இடிபாடுகள் விளங்கும். சால்ட்டன் பள்ளம் கடல்மட்டத்துக்குக் கீழே 200 அடிக்கும் மேல் தாழ்ந்தது. 1901-இல் கொலராடோ ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி அந்தப் பள்ளத்தாக்கில் பாசனம் தொடங்கினார்கள். கால்வாய் வண்டலால் தூர்ந்தது. 1904-இல் மெக்சிகோ எல்லைக்குள் முறையான மதகு இல்லாமல் ஆற்றங்கரையை வெட்டிப் புது வாய்க்கால் எடுத்தார்கள். 1905-இல் வந்த வெள்ளங்கள் அந்த வெட்டை அகலமாக்கி, ஏறக்குறைய ஆறு முழுவதையும் பள்ளத்துக்குள் திருப்பிவிட்டன. சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனம் ரயில் ரயிலாகக் கல்லைக் கொட்டி 1907 பிப்ரவரியில்தான் உடைப்பை அடைத்தது. அதற்குள் ஓர் ஏரி உண்டாகிவிட்டது.

ஆற்றின் உடைப்பில் பிறந்த ஏரி சில பத்தாண்டுகளில் வற்றியிருக்க வேண்டும். அங்கே ஆண்டு மழை சுமார் 3 அங்குலம். வெயிலில் ஆவியாவது ஏறக்குறைய 6 அடி. ஏரியின் பரப்பு சுமார் 370 சதுர மைல் என்று வைத்துக்கொண்டால், மட்டம் இறங்காமலிருக்க ஆண்டுதோறும் ஏறத்தாழ 13.6 லட்சம் ஏக்கர் அடி, நம் கணக்கில் சுமார் 59 டி.எம்.சி. தண்ணீர் உள்ளே வந்தாக வேண்டும். அது வந்தது, வயல்களிலிருந்து வழிந்த வடிகால் நீராக. விவசாயி தண்ணீரை வீணாக்கியதால் ஏரி வாழ்ந்தது என்று சொன்னால் மிகையாகாது. வெளியேறும் வழி இல்லாத ஏரி என்பதால் தண்ணீரோடு வந்த உப்பும் உரமும் மட்டும் தங்கிவிட்டன.

இனி மெய்யான அழிவைப் பாருங்கள். 1970-களில் நடந்தது வறட்சி அன்று, வெள்ளம். பாசனக் கழிவு கூடியதாலும், 1976-இல் கேத்லீன், 1977-இல் டொரீன் என்ற புயல்கள் வந்ததாலும் மட்டம் ஏறி, கரையோரத் தெருக்கள் முழுகின. கிழக்குக் கரையிலுள்ள பாம்பே பீச் என்ற ஊரில் கரைமேட்டுக்கு வெளியே இருந்த வீடுகள் உப்புச் சேற்றில் சிக்கியது இப்படித்தான். நீங்கள் படத்தில் பார்க்கும் "வறண்டு செத்த ஊர்" முதலில் தண்ணீரில் செத்த ஊர். வறட்சி பின்னால் வந்தது. 1984-இல் மாநில நீர்வாரியம், அந்த வயல்களுக்கு நீர் வழங்கும் இம்பீரியல் பாசன மாவட்டம் என்ற அமைப்பு தண்ணீரை வீணடிப்பதாகத் தீர்ப்பளித்தது; 2003-இல் ஏற்பட்ட நீர்ப்பகிர்வு ஒப்பந்தத்தின்படி மிச்சம் பிடித்த நீர் சான் டியாகோ பக்கம் போகத் தொடங்கியது; ஏரிக்கு ஈடாக விடப்பட்ட நீரும் 2017-ஆம் ஆண்டு முடிவோடு நின்றது. 2003-இலிருந்து மட்டம் 10 அடிக்கும் மேல் இறங்கிவிட்டது. உப்பு இன்று கடல்நீரைவிட ஏறத்தாழ இரு மடங்கு.

பாலைப்பயணி எழுதியது:

நீர்க்கணக்கன் ஐயாவின் கணக்கு எனக்கும் உடன்பாடே. ஏரி பொய் என்று நான் சொல்லவில்லை. ஏரி நன்றாக இருந்த நாளிலேயே ஊர் எழவில்லை என்பதுதான் என் வாதம், அது அப்படியே நிற்கிறது. ஏரிக்குப் பஞ்சமில்லாத வேறோர் இடத்தையும் எடுத்துக்கொள்ளலாம். மொஹாவே பாலைவனத்தில் நாட் மெண்டல்சன் 1958-இல் தொடங்கிய கலிபோர்னியா சிட்டியின் நடுப்பூங்காவில் வெட்டப்பட்ட செயற்கை ஏரி இன்றும் இருக்கிறது. ஆனால் ஊரின் பெரும்பகுதி, விமானத்திலிருந்து பார்த்தால் மண்ணில் கீறிய தெருக்கோடுகளாகவே கிடக்கிறது. லேக் லாஸ் ஏஞ்சலஸில் நேர் எதிர்: 1967-இல் வறண்ட தாழ்நிலத்தை நீர் நிரப்பி ஏரியாக்கி மனை விற்றார்கள், 1980-களில் ஏரி காய்ந்தது, ஊர் மட்டும் ஏரியின் பெயரோடு பல்லாயிரம் பேருடன் இருக்கிறது. ஏரிக்கும் ஊருக்கும் நாம் நினைக்கும் அளவுக்கு முடிச்சு இல்லை.

தம்பி தெருவிளக்கு கேட்ட பாலினீசிய வாசனைக்கு இன்னும் பொருத்தமான இடம் பார்ஸ்டோவுக்கும் லாஸ் வேகஸுக்கும் நடுவே, 15-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய நியூபெரி ஸ்பிரிங்ஸில் இருக்கிறது. பாப் பையர்ஸ் என்பவர் நிலத்தடி நீரை நம்பித் தம் குடும்பத்தார் குளிக்க ஓர் ஏரி வெட்டி, அதற்கு மனைவியின் பெயரால் டொலரெஸ் ஏரி என்று பெயரிட்டார். 1962-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. குன்றின் சரிவிலிருந்து செங்குத்தாக இறங்கிய சறுக்குகள் அதன் பெருமை. சிலவற்றில் நின்றுகொண்டே சறுக்கி, நீர்மட்டத்துக்குப் பல அடி மேலேயே காற்றில் வீசப்பட்டு விழுவார்கள். இன்றைய பாதுகாப்பு அதிகாரி யாரும் அந்த வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். 1980-களின் இறுதியில் அது மூடப்பட்டது. வேறு முதலீட்டாளர்கள் எடுத்து 1998-இல் "ராக்-எ-ஹூலா" என்று, ஹவாய் நடனத்தையும் ராக் இசையையும் ஒட்டவைத்த பெயரில் மீண்டும் திறந்தார்கள். அடுத்த ஆண்டே ஊழியர் ஒருவர் சறுக்கில் படுகாயமடைந்தார்; நீதிமன்றம் பெருந்தொகை இழப்பீடு விதித்தது; நிறுவனம் திவாலானது. பிறகு பெயரை டிஸ்கவரி என்று மாற்றிப் பார்த்தார்கள். 2004-இல் எல்லாம் முடிந்தது.

அங்கே போனால் ஏரி இல்லை, சறுக்குகள் இல்லை, கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சறுக்கு இறங்கிய குன்று மட்டும் இருக்கிறது. மிதவையில் சுற்றிவர அமைத்த கான்கிரீட் வாய்க்கால் வறண்டு வளைந்து வளைந்து போகிறது. சுவர்கள் முழுவதும் அடுக்கடுக்காக வண்ணக் கிறுக்கல்கள். செம்புக்கம்பி முழுவதையும் யாரோ உருவிவிட்டார்கள். வெறும் அலங்காரத்தை நம்பி எழுப்பிய இடத்தில், அலங்காரம்தான் முதலில் காணாமல் போயிருக்கிறது.

கோச்செல்லா வாசி எழுதியது:

வணக்கம். நான் ஏரிக்கு வடக்கே இருக்கும் கோச்செல்லாப் பள்ளத்தாக்கிலேயே குடியிருக்கிறேன். இங்கே நடக்கும் உரையாடல் தரமாக இருக்கிறது என்றாலும், "கைவிடப்பட்ட" என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. சால்ட்டன் சிட்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 5,000-க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். பாம்பே பீச்சில் 200-க்கும் சற்று அதிகம். வடகரையில் ஈச்சந்தோப்புகளிலும் திராட்சைத் தோட்டங்களிலும் வேலை செய்யும் குடும்பங்கள் வாழ்கின்றன. மெய்யம்மை அம்மா குறிப்பிட்ட யாட் கிளப் 1980-களில் மூடப்பட்டுப் பாழடைந்து கிடந்து, 2010-இல் மாவட்ட நிர்வாகத்தால் புதுப்பிக்கப்பட்டு இப்போது சமூகக்கூடமாக இயங்குகிறது. சன்னல் வழியே பார்த்தால் படகுத்துறைப் பள்ளம் இருக்கிறது, தண்ணீர்தான் விலகிப் போய்விட்டது.

ஏரி பின்வாங்கிய இடத்தில் வெளிப்படும் தரை மாவு போல மென்மையானது. பல பத்தாண்டுகளின் வயல் வடிகால் அதில் படிந்திருக்கிறது. காற்று எழுந்தால் அது எங்கள் வீட்டுக்குள் வருகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பையில் புத்தகத்தோடு இன்ஹேலரும் எடுத்துப்போவது இங்கே சாதாரணக் காட்சி. அழுகிய முட்டை நாற்றம் வரும் நாட்களும் உண்டு. கோடையில் அடிநீரில் சேர்ந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றில் கலந்து மேலே வரும்போது, தொலைவிலிருக்கும் லாஸ் ஏஞ்சலஸ் வரைக்கும் ஒருமுறை, 2012-இல், அந்த நாற்றம் போனது. படமெடுக்க வருகிறவர்கள் ஒரு மாலையில் திரும்பிவிடுகிறார்கள்.

தெருவிளக்கு எழுதியது:

மிக்க நன்றி. நீங்கள் சொன்ன பிறகு கேட்கத் தயக்கமாக இருக்கிறது; இருந்தாலும், குளிர்காலத்தில் அந்தப் பக்கம் வரும் எண்ணம் இருப்பதால், எதை எப்படிப் பார்ப்பது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கோச்செல்லா வாசி எழுதியது:

தாராளமாக வாருங்கள், தம்பி, வருவதில் தவறில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் வர வேண்டும். கோடையில் 45 டிகிரிக்கு மேல் போகும், பல இடங்களில் கைபேசிச் சமிக்ஞையும் கிடைக்காது. ராக்-எ-ஹூலா தனியார் நிலம், அனுமதியில்லாமல் நுழையாதீர்கள்; கூரைகளும் நம்பத்தக்கவை அல்ல. பாம்பே பீச்சில் கரைமேட்டில் ஏறி நின்றாலே போதுமான அளவு தெரியும். 2016 முதல் அங்கே கலைவிழா நடக்கிறது. துருப்பிடித்த கார்களை வரிசையாக நிறுத்தித் திறந்தவெளித் திரையரங்கு போல அமைத்திருப்பது அதன் மிச்சம், பழைய இடிபாடு அன்று. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஏரித்தரையில் வெகுதூரம் நடக்காதீர்கள். மேலே உப்புப் பொருக்கு கெட்டியாகத் தெரியும், கால் வைத்தால் உள்ளே முழங்கால் வரை சேறு.

கரையில் வெள்ளை மணல் என்று நினைத்து ஒரு கை அள்ளிப் பாருங்கள். அது மணல் அன்று. படகடியில் ஒட்டி வளரும் சிற்றுயிர்களின் ஓடுகள், போர்க்காலத்தில் கடற்படை விமானங்களோடு வந்து இந்த ஏரியில் பெருகியவை. அவற்றோடு மீன் முள்ளும் முதுகெலும்புத் துண்டுகளும் கலந்திருக்கும். ஜிலேபி மீன்தான் பெரும்பாலும். 1999 ஆகஸ்டில் ஒரே நாளில் 76 லட்சம் மீன்கள் செத்து ஒதுங்கிய கரை இது. 1996-இல் பாக்டீரிய நஞ்சால் வரும் பாட்டுலிசம் நோயால் கூழைக்கடாக்கள் ஆயிரக்கணக்கில் இறந்தன.

தெருவிளக்கு எழுதியது:

குறித்துக்கொண்டேன். இன்னும் ஒன்று: என் சித்தப்பா மகனிடம் ஒரு தரகர், சால்ட்டன் சிட்டியில் மனை மிக மலிவாக இருக்கிறது, மின்கலங்களுக்கான லித்தியம் எடுக்கும் தொழில் வரப்போகிறது, இப்போதே வாங்கிப் போடுங்கள் என்கிறாராம். வாங்கலாமா?

பாலைப்பயணி எழுதியது:

இந்தப் பேச்சு வரும் என்று எதிர்பார்த்தேன். லித்தியம் உண்மை, ஏரியின் தென்கிழக்கு முனையில் 1980-களிலிருந்தே புவிவெப்ப மின்நிலையங்கள் ஓடுகின்றன, அவை மேலே கொண்டுவரும் உப்புநீரில் லித்தியம் கரைந்திருக்கிறது. ஆனால் சால்ட்டன் சிட்டி இருப்பது மேற்குக் கரை. இடையில் ஏரி முழுவதும் கிடக்கிறது. 1958-இல் ரிவியெரா என்று எழுதிய பலகையில் இப்போது லித்தியம் என்று எழுதியிருக்கிறார்கள், மனை அதே மனை.

வாங்கியே தீருவேன் என்றால் உங்கள் அண்ணன் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கட்டும். தெருவில் குடிநீர்க் குழாய் இன்றும் உயிரோடு இருக்கிறதா? இணைப்புக்கு எவ்வளவு? கழிவுநீர்க் குழாய் உண்டா, இல்லை செப்டிக் தொட்டி கட்ட வேண்டுமா, அதற்கு அந்த மண்ணில் அனுமதி கிடைக்குமா? பழைய சொத்து வரி பாக்கி இருக்கிறதா? இம்பீரியல் மாவட்ட அலுவலகத்தில் மனை எண்ணைக் கொடுத்தால் வரி விவரம் தெரிந்துவிடும். தரகர் காட்டும் படத்தை நம்பாமல் அந்த எண்ணைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் பொருத்தி, அருகில் குடியிருக்கும் வீடு எத்தனை தெரு தள்ளி இருக்கிறது என்றும் பார்க்கட்டும். இதையெல்லாம் முடித்த பிறகே முன்பணத்தைப் பற்றிப் பேசலாம்.